காதுக்கு எட்டாத உறுமல்

காலபோக நெல் முற்றும் நாட்களில் வன்னியின் நெடுங்கேணி, துணுக்காய்ப் பக்கத்து வயல்களில் இரவுக் காவலுக்குப் பரணும் தீப்பந்தமும் யானைவெடியும்தான் துணை. யானை வயலுக்குள் இறங்கிய பிறகே பெரும்பாலும் தெரியவருகிறது. கூட்டமாக வரும் யானைகளோ தமக்குள் பேசிக்கொண்டேதான் வருகின்றன. அந்தப் பேச்சில் ஒரு பகுதி நம் காதுக்கு எட்டாத மீடிறனில் நடக்கிறது.

1984இல் அமெரிக்காவின் போர்ட்லாந்து மிருகக்காட்சிச்சாலையில், ஆசிய யானைகளின் அருகே நின்ற ஆய்வாளர் கேத்தி பெய்ன் காற்றில் ஒரு துடிப்பை உணர்ந்தார். பதிவுசெய்து பார்த்தபோது 14 முதல் 24 ஹேர்ட்ஸ் வரையான உறுமல்கள் தெரிந்தன. மனிதச் செவியின் கீழெல்லை ஏறத்தாழ 20 ஹேர்ட்ஸ். 17 ஹேர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 20 மீற்றர் என்பதால் பாலையும் முதிரையும் அடர்ந்த காடு அதற்குப் பெரிய தடையல்ல.

இதைப் பிடிக்கும் வழிதான் பட்டைப் பகுப்பு. கலந்து வரும் ஒலியை வடிகட்டிகள் மீடிறன் பட்டைகளாகப் பிரிக்கின்றன. மரபான தொலைபேசி அழைப்பு 300 முதல் 3400 ஹேர்ட்ஸ் வரையான பட்டையை வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கழித்துவிடும். யானைக்கு வேண்டியது கழிபட்ட அடிப்பகுதி. இசைத்தட்டுக்குச் செக்கனுக்கு 44,100 மாதிரிகள் தேவை. 25 ஹேர்ட்ஸுக்குக் கீழே மட்டும் கேட்பதென்றால் 100 போதும். அதனால் சிறிய, மலிவான கருவியே இந்த வேலையைச் செய்துவிடும். கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரி ஆய்வாளர்கள் 2017இல் அத்தகைய கருவிகளைக் கொண்டு யானை நிற்கும் இடத்தைக் கணிக்கும் முறையை வெளியிட்டார்கள். ஒரே உறுமல் வெவ்வேறு கருவிகளை வந்தடையும் நேர வித்தியாசமே இடத்தைச் சொல்லும்.

வன்னியில் சிக்கல் வேறு. நிமிடத்துக்கு 2000 சுற்றுச் சுழலும் ஒற்றைச் சிலிண்டர் டீசல் இயந்திரம் இரு சுற்றுக்கு ஒருமுறை என்ற கணக்கில் செக்கனுக்கு ஏறக்குறைய 17 தடவை வெடிக்கிறது. அதுவும் யானையின் பட்டைதான். ஆனால் மீடிறனை நேரத்தோடு வரைந்து பார்த்தால் இயந்திரத்தின் கோடு நேராக நீளும். உறுமல் சில செக்கன்களில் ஏறி வளைந்து அடங்கும். பட்டையை இன்னும் மெல்லியதாகப் பிரித்தால் இரண்டும் வேறாகும். தனியன் யானை அதிகம் குரல் கொடுக்காது. அதற்கு வேலியும் காவலும் வேண்டியதுதான்.

பிரித்த பட்டைகளைக் கூட்டி ஒலியை மீள உருவாக்குவதும் இதே கணிதம்தான். ஆனால் யானையின் 15 ஹேர்ட்ஸ் உறுமலைச் சாதாரண ஒலிபெருக்கியால் எழுப்ப முடியாது. யானையை விரட்ட உதவக்கூடிய தேனீயின் ரீங்காரத்தை எழுப்ப முடியும். கலைந்த தேனீக்களின் ஒலி கேட்டு இலங்கைக் காட்டு யானைகள் பின்வாங்கியதை ஆய்வாளர் லூசி கிங் குழுவினர் 2018இல் வெளியிட்டார்கள்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடம் கிளிநொச்சி அறிவியல்நகரிலேயே இருக்கிறது. வன்னியின் இரவு ஒலிகளை, பம்பும் உழவு இயந்திரமும் காற்றும் சேர்த்து, முதலில் பதிவுசெய்து தொகுக்க வேண்டியவர்கள் அங்குள்ள மாணவர்கள்தான். அடுத்த காலபோகத்துக்கு முன்பே தொடங்கலாம்.