வாங்கும் முன்பே நட்டத்தைக் கணக்கிடுங்கள்

பங்கு வாங்கும்போது எவ்வளவு லாபம் வரும் என்றுதான் பலரும் பார்க்கிறோம். எவ்வளவு நட்டத்தைத் தாங்க முடியும் என்பதே முதல் கணக்காக இருக்க வேண்டும்.

பங்குச் சந்தைக்கென 20,000 ரிங்கிட் ஒதுக்கியிருக்கிறீர்கள். ஒரே பங்கில் 1 விழுக்காட்டுக்கு மேல், அதாவது 200 ரிங்கிட்டுக்கு மேல் இழப்பதில்லை என்பது உங்கள் முடிவு. 2 ரிங்கிட்டுக்கு வாங்கும் பங்கு 1.80க்கு இறங்கினால் விற்றுவிடலாம் என்றால், பங்கு ஒன்றுக்கு நட்டம் 20 சென். ஆக, 1,000 பங்குகள் வாங்கலாம். புர்சா மலேசியாவில் 100 பங்குகள் ஒரு லாட். 10 லாட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். விலை திடீரெனச் சரிந்தால் நட்டம் சற்றுக் கூடலாம். தரகுக் கட்டணமும் உண்டு.

விலை இறங்கும்போது, ‘நாளை ஏறிவிடும்’ என்று மனம் கெஞ்சும். விட்டதைப் பிடிக்க இன்னும் வாங்கச் சொல்லும். பணத்தில் பாதி போனால், மீட்க 100 விழுக்காடு லாபம் வேண்டும். அதனால், விற்கும் விலையை வாங்கும் முன்பே எழுதிவையுங்கள். பதற்றத்தில் அதை மாற்றாதீர்கள்.