தாடிக்கு அனுமதி கொடுத்தது யார்?

1840களின் ஆங்கிலேயக் கனவான் படங்களில் வழவழவென்று சிரைத்த மோவாயும் கன்னத்தில் இறங்கும் கிருதாவும்தான் தெரியும். அடுத்த இருபது ஆண்டுகளில் டிக்கன்ஸ், டார்வின் என்று பெரிய மனிதர்களெல்லாம் தாடிக்காரர்களாகிவிட்டார்கள். வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் கிரிமியப் போர். 1854-55 குளிர்காலத்தில் சவரத்துக்கு வழியில்லாத படைவீரர்கள் தாடி வளர்த்தார்கள், அப்படியே ஊர் திரும்பிய அவர்களைப் பார்த்து நாடே வளர்த்துக்கொண்டது என்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, தேதிதான் இடிக்கிறது. டிக்கன்ஸ் நடத்திய ‘ஹவுஸ்ஹோல்ட் வேர்ட்ஸ்’ வார இதழ், சவரம் எதற்கு என்று கேட்டுக் கட்டுரை வெளியிட்டது 1853 ஆகஸ்டில். பிரிட்டன் போரில் இறங்கியதே 1854 மார்ச்சில்தான்.

போருக்கு முன்பே மாறிவிட்டது தாடியின் அரசியல். அதுவரை பிரிட்டனில் தாடி என்றாலே வாக்குரிமை கேட்ட சார்ட்டிஸ்டுகளும் ஐரோப்பியப் புரட்சிக்காரர்களும்தான் நினைவுக்கு வருவார்கள். மதிப்பான உத்தியோகத்தில் இருப்பவர் வளர்க்கத் தயங்குவார். 1848 ஏப்ரலில் லண்டன் கென்னிங்டன் திடலில் கூடிய சார்ட்டிஸ்ட் கூட்டம் பிசுபிசுத்துப்போனது. ஐரோப்பியப் புரட்சிகளும் அடுத்த ஆண்டுக்குள் அடங்கின. பயம் தெளிந்ததும் தாடியின் ஆண்மைக் களையை மேட்டுக்குடியும் சொந்தமாக்கிக்கொண்டது. போர் அதற்கு வீர முத்திரை குத்தியது, அவ்வளவுதான். ஆட்சியாளர்கள் முகத்து ரோமத்தில் விசுவாசத்தையும் கௌரவத்தையும் தேடுவது நமக்கும் தெரிந்த கதை. கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படைத் தளபதி ஜான் கிரடாக் காலத்து விதிகள் சிப்பாய்களை நெற்றிக்குறியை அழிக்கவும் தாடியை மழிக்கவும் மீசையைக் கத்தரிக்கவும் சொல்லின. புதுத் தலைப்பாகையும் சேர்ந்துகொள்ள, 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தார்கள். அதே கம்பெனியின் பம்பாய்ப் படை, 1854இல் தன் ஐரோப்பிய வீரர்கள் மீசை வைத்தே ஆகவேண்டும் என்றது!

தாடி உடம்புக்கு நல்லது என்று அன்றைய மருத்துவர்களே சொன்னார்களே என்று கேட்கலாம். சொன்னார்கள்தான்: தூசியை வடிகட்டும், தொண்டையைக் குளிரிலிருந்து காக்கும் என்று. ஆனால் தூசியும் குளிரும் 1830இலும் இருந்தன, அப்போது தாடி வளரவில்லை. நூற்றாண்டு முடியும் தறுவாயில் கிருமிகளைப் பற்றித் தெரியவந்ததும் மருத்துவர்கள் அதே தாடியைக் கிருமிக் கூடாரம் என்றார்கள். கத்தி சரியில்லாததால் வளர்த்தார்கள் என்பதும் நிற்காது. அதைவிட மோசமான கத்தியால்தான் பதினெட்டாம் நூற்றாண்டு முழுக்கச் சிரைத்துக்கொண்டார்கள். அமெரிக்காவில் காம்ப்ஃபே சகோதரர்கள் பாதுகாப்பு ரேசருக்கு 1880இல் காப்புரிமை வாங்கிவிட்டார்கள். ஆனால் ‘இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ்’ படங்களில் முகங்களை எண்ணிப்பார்த்த ஆய்வாளர் டுவைட் ராபின்சனின் கணக்கில் தாடி உச்சம் தொட்டது 1890களின் தொடக்கத்தில். சோம்பலும் காரணமில்லை. மெழுகு தடவி முறுக்கிய மீசை சூடான தேநீரின் ஆவியில் இளகித் தொங்கிவிடும் என்பதற்காகவே தனிக் கோப்பை விற்றார்கள்: விளிம்பின் உட்புறம் ஒரு பீங்கான் தடுப்பு, அதில் ஒரு திறப்பு, மீசை தடுப்பின்மேல் நனையாமல் உட்கார்ந்திருக்க, தேநீர் மட்டும் வாய்க்கு வரும். சவரத்தை மிச்சம்பிடிக்க நினைப்பவர் படுகிற பாடா இது?

பயம் போன பிறகாவது முகத்தை அவரவர் இஷ்டத்துக்கு விட்டார்களா என்றால், அதுவும் இல்லை. தாடியும் மீசையும் சேர்த்து வளர்க்கலாம், மீசையை மட்டும் வைக்கக் கூடாது என்று பிரிட்டிஷ் கடற்படை 1869இல் விதித்தது. தரைப்படையில் மேலுதட்டைச் சிரைக்கக் கூடாது; அந்த விதி 1916 வரை நீடித்தது.