எட்டு முறை சேர்ந்து பிரியும் நொதி

திருநின்றவூர்ப் பக்கம், வீட்டுமனைகளுக்குப் போனது போக மிஞ்சிய நெல்வயலில் தக்கைப்பூண்டு விதைத்திருந்தால், ஒரு செடியை மண்ணோடு பெயர்த்து வேரைக் கழுவிப் பாருங்கள். சிறு முடிச்சுகள் ஒட்டியிருக்கும். நகத்தால் கீறும்போது உள்ளே இளஞ்சிவப்பு தெரிந்தால், நைட்ரோஜினேஸ் என்ற நொதி அங்கே வேலையில் இருக்கிறது.

காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன்தான். ஆனால் அதன் இரண்டு அணுக்களும் மூன்று பிணைப்புகளால் இறுகிக் கிடப்பதால் நெல்லால் அதைத் தொடவே முடியாது. அந்தப் பிணைப்பை உடைத்து அம்மோனியா ஆக்க, மணலியில் இருப்பது போன்ற உர ஆலைக்கு 400 டிகிரியை ஒட்டிய வெப்பமும் நூறு மடங்குக்கு மேற்பட்ட காற்றழுத்தமும் வேண்டும். வேர்முடிச்சுக்குள் வாழும் பாக்டீரியா அதே வேலையை வயல் மண்ணின் சூட்டிலேயே முடிக்கிறது.

எப்படி? அந்த பாக்டீரியாவின் நைட்ரோஜினேஸ் நொதி இரண்டு புரதங்களால் ஆனது. சிறியதில் இரும்பு இருக்கிறது. பெரியதில் இரும்போடு மாலிப்டினமும் சேர்ந்திருக்கிறது. சிறியது ஓர் எலக்ட்ரானை ஏந்தி, உயிரணுவுக்குச் சக்தி தரும் ஏடிபி மூலக்கூறுகள் இரண்டோடு வந்து பெரியதில் பொருந்தும். எலக்ட்ரானைக் கொடுக்கும், ஏடிபி செலவாகும், உடனே விலகிப் போகும். மறுபடி ஏந்தி வரும். ஒரே ஒரு நைட்ரஜன் மூலக்கூறு அம்மோனியாவாக இப்படி எட்டு முறை சேர்ந்து பிரிய வேண்டும்; 16 ஏடிபி கரையும். எட்டில் இரண்டு எலக்ட்ரான்கள் ஹைட்ரஜன் வாயுவாகவே போய்விடும். தனித்தனியே வைத்தால் இரண்டு புரதங்களுக்கும் நைட்ரஜனை மாற்றும் திறன் இல்லை. பெரிய புரதத்தின் வடிவத்தை 1992-இல் அமெரிக்காவில் டக்ளஸ் ரீஸ் குழுவினர் படிக ஆய்வில் கண்டார்கள்.

செலவுக்கான சக்தி முழுதும் செடி இலையில் சேர்த்த சர்க்கரையிலிருந்து வருகிறது. ஆக்சிஜன் பட்டால் நொதி கெட்டுவிடும். அதைக் காக்கத்தான் முடிச்சில் லெக்ஹீமோகுளோபின் என்ற புரதம் இருக்கிறது. நீங்கள் பார்த்த இளஞ்சிவப்பு அதன் நிறம்.

இவ்வளவு செலவு பிடிப்பதால், மண்ணில் ஆயத்தமாகத் தழைச்சத்து இருந்தால் செடி முடிச்சு வைப்பதையே குறைத்துக்கொள்ளும். உளுந்துக்கும் பச்சைப்பயறுக்கும் யூரியாவைத் தாராளமாகத் தூவுவதை நான் அதனாலேயே ஏற்கமாட்டேன்: காசும் போகும், இலவசமாகக் கிடைக்கவேண்டிய சத்தும் போகும். மாறாக, விதையோடு, வேர்முடிச்சு பாக்டீரியாவான ரைசோபியத்தைக் கலந்து நிழலில் உலர்த்தி விதைக்கலாம். பசுந்தாள் உரமாக விதைக்கும் தக்கைப்பூண்டை 45 நாள் அளவில், பூக்கும் தறுவாயிலேயே மடக்கி உழவேண்டும். நாள் கடந்தால் தண்டு நார் பாய்ந்து, மட்கத் தாமதமாகும்.