ரம்ப மேஜை வாங்குதல்: பழையதோ, புதியதோ?

தோப்பும் புன்செயும் உடைய குடியானவர்கள் பலர், தம் நிலத்தில் விளைந்த வேம்பு, தேக்கு, பலா முதலிய மரங்களின் பலகைகளைத் தாமே சட்டங்களாக அறுத்துக்கொள்ளும் பொருட்டுச் சிறிய வட்ட ரம்ப மேஜை ஒன்று வாங்க எண்ணுகிறார்கள். தொழுவத்துக் கதவு, கூரைச் சட்டம், பழம் அனுப்பும் பெட்டி, தேனீப் பெட்டி ஆகிய வேலைகளுக்குத் தச்சரை எதிர்பார்த்துக் காத்திருக்கும் சங்கடம் இதனால் குறையுமென்பது உண்மையே. ஆனால் வாங்கப் புறப்பட்டவுடன் ஒரு கேள்வி எழுகின்றது. பக்கத்து டவுனில் மூடப்போகும் தச்சுப் பட்டறையொன்றில் முப்பது நாற்பது வருஷம் உழைத்த கனமான இரும்பு மேஜை சகாய விலைக்குக் கிடைக்கின்றது. கடையிலோ வர்ணம் மின்னும் புதிய யந்திரம் உத்தரவாதச் சீட்டுடன் நிற்கின்றது. இவற்றுள் எதை வாங்குவது?

பழையது என்பதாலேயே ஒன்றை இகழ்வதும், புதியது என்பதாலேயே ஒன்றை நம்புவதும் தகாது. ரம்ப மேஜையில் வயதினால் கெடும் பாகங்கள் சில. எவ்வளவு வயதானாலும் கெடாத பாகங்கள் சில. யந்திரம் செய்த நாளிலேயே இல்லாது போன பாகங்கள் சில. இம்மூன்றாவது வகையே முக்கியமாகக் கவனிக்கத்தக்கது. வாங்குவோர் பெரும்பாலும் துருவையும் வர்ணத்தையும் பார்க்கிறார்களேயன்றி, இல்லாத பாகத்தைப் பார்ப்பதில்லை.

இம்மேஜை எதற்கு உதவும், எதற்கு உதவாது என்பதை முதலில் கூறவேண்டும். உருண்டைக் கட்டையை இதன்மேல் வைத்து அறுக்கலாகாது. கட்டை உருண்டு ரம்பத்தைக் கவ்விக்கொள்ளும். கட்டையை மரவாடியில் பலகையாக அறுத்து, நிழலில் அடுக்கி உலர்த்திய பின்னரே இம்மேஜைக்குக் கொண்டுவரவேண்டும். பச்சை மரம் அறுபடும்போதே முறுக்கிக்கொண்டு ரம்பத்தை நெருக்கும். மேலும், கூலிக்குப் பிறருடைய கட்டைகளை அறுத்துக்கொடுப்பது மர அறுவைத் தொழிலாகும். அதற்கு வனத்துறையின் உரிமம் உண்டு. அத்தகைய எண்ணமுடையோர் முன்னதாகவே வனச்சரக அலுவலரைக் கண்டு விசாரித்துக்கொள்வது நலம்.

இனிப் பழைய யந்திரத்தின் குணங்களைப் பார்ப்போம். வார்ப்பிரும்பு மேஜை கனத்தினாலேயே அதிர்வை அடக்குகின்றது. பல வருஷம் நின்ற வார்ப்பிரும்பு இனி வளையவேண்டிய அளவு வளைந்து ஓய்ந்துவிட்டது. இன்று சமமாயிருந்தால் நாளையும் சமமாகவே இருக்கும். மேற்பரப்பிலுள்ள துருவைக் கண்டு அஞ்சவேண்டுவதில்லை. மண்ணெண்ணெயும் உப்புத்தாளும் ஒருநாள் உழைப்பும் இருந்தால் அது போய்விடும். தண்டு சுழலும் பேரிங்குகளும், பெல்ட்டும் தேயும் பொருள்கள்தாம். ஆனால் பேரிங்கின்மேல் 6204, 6205 என்றாற்போல் எண் பொறித்திருந்தால், அதே எண்ணுள்ளது எந்த டவுனிலும் கிடைக்கும். ஆகவே பேரிங் தேய்ந்திருப்பது விலையைக் குறைத்துக் கேட்கக் காரணமாகுமேயன்றி, யந்திரத்தைத் தள்ளிவிடக் காரணமாகாது.

புதியவற்றில் இரு ஜாதிகள் உண்டு. ஒன்று, அலுமினியம் அல்லது தகட்டு மேஜையும், கார்பன் பிரஷ் வைத்த சிறு மோட்டாரும் உடைய இலேசான யந்திரம். இதை ஒருவரோ இருவரோ தூக்கிச் செல்லலாம். ஆனால் சப்தம் அதிகம். ஒன்றரை அங்குல வேம்பை நாள்முழுதும் நீளவாட்டில் அறுக்கும் வேலைக்கு இது தாங்காது. மற்றது, வார்ப்பிரும்பு மேஜையும் பெல்ட்டினால் ஓடும் இண்டக்ஷன் மோட்டாரும் உடையது. இது சிலாக்கியமானது, விலையும் அதற்கேற்ப அதிகம். பழைய கனமான யந்திரத்தைப் புதிய கனமான யந்திரத்தோடு ஒப்பிடுவதே நியாயம். பணம் போதாமையால் பலரும் பழைய கனத்தையும் புதிய இலேசையும் ஒப்பிட நேர்கின்றது.

இப்போது இல்லாத பாகத்துக்கு வருவோம். வட்ட ரம்பத்தின் முன்புறப் பற்கள் மரத்தைக் கீழ்நோக்கி மேஜையின்மேல் அழுத்துகின்றன. பின்புறப் பற்களோ கீழிருந்து மேல்நோக்கி எழுகின்றன. அறுபட்ட பலகையின் இரு பாதிகளும் ரம்பத்துக்குப் பின்னால் ஒன்றையொன்று நெருங்கினாலும், பலகை சற்றே கோணிக்கொண்டாலும், அப்பின்பற்கள் பலகையைக் கவ்வித் தூக்கி, தள்ளுகிற மனிதனை நோக்கியே வீசும். பத்து அங்குல ரம்பம் நிமிஷத்துக்கு 3,840 சுற்று சுழல்கின்றதெனில், பல்லின் வேகம் விநாடிக்குச் சுமார் 51 மீட்டர். அதாவது மணிக்கு 180 கிலோமீட்டருக்கு மேல். அந்த வேகத்தில் வரும் மரம் வயிற்றில் படலாம். அதனினும் கொடியது, பலகையோடு கையும் ரம்பத்தின்மேல் இழுக்கப்படுவது. நொடியில் நிகழ்வதாகையால் கையை விலக்க அவகாசமிராது.

இதைத் தடுப்பது ரம்பத்தின் பின்னால் நிற்கும் ஒரு சிறு எஃகுத் தகடு. அறுபட்ட பிளவுக்குள் இத்தகடு நின்று, பாதிகள் ஒன்றையொன்று நெருங்காமலும், பலகை பின்பற்களின்மேல் சாயாமலும் காக்கும். இதைப் பிளவுத்தகடு எனலாம். இதன் கனம் ரம்பத்தின் உடல் கனத்தைவிடச் சற்றுக் கூடுதலாகவும், பல் அறுக்கும் பிளவின் அகலத்தைவிடச் சற்றுக் குறைவாகவும் இருக்கவேண்டும். உடல் 2.2 மில்லிமீட்டரும் பிளவு 3.2 மில்லிமீட்டருமானால், 2.5 முதல் 2.8 மில்லிமீட்டர் வரை கனமுள்ள தகடு பொருந்தும். பற்களுக்கும் தகட்டுக்கும் இடையே 3 முதல் 8 மில்லிமீட்டர் இடைவெளி போதும். அகன்றால் பயன் குன்றும். நல்ல புதிய யந்திரங்களில் ரம்பம் ஏறி இறங்கும்போது தகடும் உடன் ஏறி இறங்குகின்றது. பழைய பட்டறை மேஜைகளிலோ தகடு பெரும்பாலும் இராது. இருந்ததைக் கழற்றி மூலையில் எறிந்திருப்பதும் உண்டு.

பழைய மேஜைக்கு இத்தகட்டைப் புதிதாகப் பொருத்தலாமா என்பது அதன் அமைப்பைப் பொறுத்தது. ஆங்கிள் இரும்புச் சட்டத்தில் இரு பேரிங் கட்டைகள் வைத்து, ஒரே உயரத்தில் ரம்பம் ஓடும்படி நம் ஊர்ப் பட்டறைகளில் செய்த மேஜைக்கு அது சுலபம். லேத் பட்டறையில் தகட்டை வெட்டி, சட்டத்தோடு போல்ட்டினால் முடுக்கிவிடலாம். ரம்பம் ஏறி இறங்கியும் சாய்ந்தும் ஓடும் பழைய அயல்நாட்டு யந்திரத்துக்கு அது எளிதன்று. ரம்பத்தோடு தகடும் நகரவேண்டுமாகையால், உள்ளேயுள்ள வார்ப்பில் அதற்கு இடம் வேண்டும், பெரும்பாலும் இராது. பார்வைக்கு உயர்ந்த யந்திரம் இவ்விஷயத்தில் நாட்டு மேஜைக்குத் தாழ்ந்து போவது விந்தையே. தகடு பொருத்த வழியில்லாத யந்திரத்தை எவ்வளவு சகாயமாய்க் கொடுத்தாலும் வாங்கலாகாது என்பதே என் அபிப்பிராயம்.

இல்லாத இரண்டாவது பாகம் சுவிட்சைச் சார்ந்தது. பழைய மேஜைகளில் சாதாரண மெயின் சுவிட்சே இருக்கும். கிராமத்தில் அறுத்துக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் நின்றுபோகும். சுவிட்சை அணைக்க மறந்து, ரம்பத்தில் சிக்கிய சிராயைக் கையால் எடுப்பர். அத்தருணம் மின்சாரம் திரும்பினால் ரம்பம் தானே சுழலத் தொடங்கும். மின்சாரம் நின்றவுடன் தானே விலகி, மறுபடி பொத்தானை அழுத்தினாலன்றி ஓடாத ஸ்டார்ட்டர் விற்கப்படுகின்றது. பம்பு செட்டு வைத்திருப்போர்க்கு இது புதிய பொருளன்று. பழைய மேஜை வாங்கினால் முதற் செலவு இதுவாகவே இருக்கட்டும். மோட்டாருக்கும் மேஜைக்கும் எர்த் கம்பி இணைப்பதும் இத்துடன் முடியவேண்டிய வேலை.

பழைய யந்திரத்தைச் சோதிக்கும் முறை வருமாறு. மின்சாரத்தைத் துண்டித்து, பெல்ட்டைக் கழற்றிவிட்டுத் தண்டைக் கையால் சுழற்றவேண்டும். கரகரப்பு இருந்தால் பேரிங் போயிற்று. தண்டைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தால் ஆட்டம் தெரிகின்றதா என்று பார்க்கவேண்டும். பேரிங்கில் ஆட்டமிருந்தால் மாற்றிக்கொள்ளலாம். பேரிங் உட்காரும் இடத்தில் தண்டே தேய்ந்திருந்தால் லேத் வேலை பெரிதாகும். அடுத்து ரம்பத்தைக் கழற்றி, அது சார்ந்து நிற்கும் வில்லையின் அருகே கூரிய குச்சியொன்றை அசையாமல் பிடித்துத் தண்டைச் சுழற்றினால், இடைவெளி மாறாமலிருக்கவேண்டும். வில்லையில் மயிரிழை ஆட்டம் இருந்தாலும் ரம்பத்தின் ஓரத்தில் அது பன்மடங்காகும்.

ரம்பம் மேஜைக்கு நேராக நிற்கின்றதா என்பதை அறிய எளிய உபாயம் உண்டு. ரம்பத்தை மீண்டும் மாட்டி, ஒரு பல்லில் சாக்குக்கட்டியால் குறியிட்டு, அப்பல்லை மேஜையின் முன்புறம் நிறுத்தி, மேஜையில் வெட்டியுள்ள காடியின் விளிம்புக்கும் அதற்கும் உள்ள தூரத்தை அளக்கவேண்டும். பின்பு அதே பல்லைப் பின்புறம் கொண்டுபோய் அளக்கவேண்டும். வேறு பல்லை அளந்தால் ரம்பத்தின் கோணல் கணக்கைக் கெடுத்துவிடும். இரு அளவும் இரண்டு காகிதக் கனத்துக்குள், அதாவது 0.2 மில்லிமீட்டருக்குள், ஒத்திருந்தால் நன்று. அதற்கு மேலானால் அடியிலுள்ள போல்ட்டுகளைத் தளர்த்தித் திருத்த முடியுமா என்று பார்க்கவேண்டும். மேஜையின் சமத்தை நேரான எஃகு அளவுகோலைக் குறுக்கும் மூலைவாட்டும் வைத்து அறியலாம். வார்ப்பில் கீறலோ பற்றவைத்த தழும்போ உண்டா என விளக்குப் பிடித்து அடிப்புறமும் பார்ப்பது அவசியம். மேஜையின் ஓரத்தில் மூளி இருந்தால் பாதகமில்லை. தண்டைத் தாங்கும் வார்ப்பில் கீறல் இருந்தால் அதோடு பேரத்தை முடித்துக்கொண்டு வந்துவிடலாம்.

மரத்தை அணைத்துத் தள்ளும் நேர்ச்சட்டம் இறுக்கியபின் நகராமலும், ரம்பத்துக்கு இணையாகவும் நிற்கவேண்டும். தேனீப் பெட்டி செய்வோர் இதை விசேஷமாகக் கவனிக்கவேண்டும். நம் நாட்டுத் தேனீக்குச் சட்டத்துக்கும் பெட்டிச் சுவருக்கும் இடையே சுமார் 8 மில்லிமீட்டர் வழி வேண்டும். அது மிகுந்தால் அங்கே வேண்டாத அடை கட்டிவிடும். குறைந்தால் தேனீ நடமாட இயலாது. ஒரு பெட்டியின் சட்டம் மற்றொரு பெட்டியில் மாறிப் பொருந்துவதற்கு நூறு சட்டங்களும் ஒரே அளவாயிருக்கவேண்டும். இவ்வேலைக்குப் பழைய கனத்த மேஜை, இலேசான புதியதைவிட மேலானது.

ரம்பத்தின் விஷயத்தில் பழமைக்கு இடமேயில்லை. மேஜையோடு கொடுக்கும் பழைய ரம்பத்தை விலையில் சேர்க்காமல், கார்பைடு முனை வைத்த புதியதை வாங்கவேண்டும். தண்டின் பருமனும் ரம்பத்தின் துளையும் ஒத்திருத்தல் அவசியம், 25.4, 30 மில்லிமீட்டர் என அவை மாறும். ரம்பத்தின்மேல் பொறித்துள்ள உச்ச வேகத்தைத் தண்டு மிஞ்சலாகாது. 1,440 சுற்று மோட்டாரில் 8 அங்குலப் புல்லியும் தண்டில் 3 அங்குலப் புல்லியும் இருந்தால் முன்சொன்ன 3,840 சுற்று வரும். அமெரிக்காவிலிருந்து வந்த பழைய மோட்டார் அந்நாட்டு 60 சைக்கிள் மின்சாரத்துக்கு ஏற்பட்டது. நம் 50 சைக்கிளில் அதன் வேகம் ஆறில் ஐந்து பங்காகக் குறையும். வோல்ட்டேஜும் வேறாயிருக்கலாம். அம்மோட்டாரை நீக்கிவிடுவதே சுலபம்.

மின் இணைப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. விவசாயப் பம்பு செட்டுக்கெனக் கட்டணமின்றி வழங்கப்படும் மின்சாரத்தில் ரம்ப மேஜையை ஓட்டுவது சட்டவிரோதம். 2003-ஆம் வருஷத்து மின்சாரச் சட்டத்தின் 126-ஆவது பிரிவின்படி, அனுமதித்த காரியத்துக்கன்றி வேறு காரியத்துக்கு மின்சாரத்தை உபயோகித்தால் உரிய கட்டணத்தைப்போல் இருமடங்கு விதிக்கப்படும். மோட்டார் கொட்டகையிலேயே மேஜையை நிறுத்த எண்ணுவோர் அநேகர். கிராம நிர்வாக அலுவலர்களும் ஊராட்சித் தலைவர்களும் இதை அவர்களுக்கு எடுத்துச் சொல்வது உதவியாகும்.

செலவுக் கணக்கை முழுதாகப் போடவேண்டும். பழையதன் விலை 20,000 ரூபாயெனக் கொள்வோம். ஸ்டார்ட்டர், பேரிங், பெல்ட், ரம்பம், பிளவுத்தகடு, மேல்மூடி, லேத் கூலி, வண்டிச் சத்தம் யாவும் சேர்ந்து 12,000 ரூபாய் ஆகுமானால், அதன் உண்மை விலை 32,000 ரூபாய். இந்த 32,000-த்தையே புதியதன் விலையோடு ஒப்பிடவேண்டும். அவ்வாறு ஒப்பிட்டபோதும், தண்டும் வார்ப்பும் சுத்தமாயுள்ள பழைய மேஜை, அதே விலைக்கு வரும் இலேசான புதியதைவிட வாங்கத்தக்கதே. திருத்த ஆளில்லாத ஊரில் வசிப்போரும், தமக்கு யந்திர வேலை பழக்கமில்லாதோரும், சற்றுப் பொறுத்துப் பணம் சேர்த்தேனும் பிளவுத்தகடுள்ள புதிய கனத்த யந்திரத்தை வாங்குவதே உசிதம்.

விரல் பட்டவுடன் அதை உணர்ந்து சில மில்லி விநாடிக்குள் ரம்பத்தை நிறுத்திவிடும் யந்திரங்களும் அமெரிக்காவில் 2004 முதல் விற்பனைக்கு வந்திருக்கின்றன. ஒருமுறை இயங்கியபின் நிறுத்தும் கருவியையும், பெரும்பாலும் ரம்பத்தையும் மாற்றவேண்டும். ஈரமான மரம் பட்டாலும் அது இயங்கிவிடக்கூடும். விலை நமக்கு எட்டாததாயினும், புதியது வாங்குவதால் கிடைக்கும் லாபம் வர்ணமன்று, இத்தகைய காப்புத்தான் என்பதை அது காட்டுகின்றது.

பேரம் முடிந்து பணம் கொடுக்குமுன், நான்கடி நீளமுள்ள உலர்ந்த பலகையொன்றை எடுத்துச்சென்று, பிளவுத்தகடு இல்லாவிட்டால் பட்டறைக்காரரையே அறுத்துக் காட்டச் சொல்லி, தாம் ரம்பத்துக்கு நேர்ப்பின்னால் நில்லாமல் பக்கவாட்டில் நின்று பார்க்கவேண்டும். அறுத்த முகத்தில் கருகலும் அலைவரியும் இருந்தால் நேர்ச்சட்டமோ தண்டோ சரியில்லை. மோட்டாரைக் கால்மணி நேரம் ஓடவிட்டு, நிறுத்தியபின் பேரிங் இடத்தில் கைவைத்துப் பார்த்தால் வெதுவெதுப்பு இருக்கலாம். கைபொறுக்காத சூடு கூடாது. வண்டியில் ஏற்றும்போது மேஜையின் ஓரத்தைப் பிடித்துத் தூக்காமல், மோட்டாரைக் கழற்றிவிட்டு அடிச்சட்டத்தில் கயிறு கட்டித் தூக்கவேண்டும்.