பனிமலைக்கு விடியலிலேயே கிளம்புங்கள்

1997 மே 23. மகேந்திரன் முனுசாமியும் மோகனதாஸ் நாகப்பனும் எவரெஸ்ட் உச்சியை அடைந்த முதல் மலேசியர்கள் ஆனார்கள். பனியே விழாத நாட்டிலிருந்து போன நம்மவர்கள்! அந்தப் பெருமைதான் இன்றும் பலரை இமயத்துக்கு இழுக்கிறது.

ரவாங்கில் இருக்கும் நான், கஞ்சிங் அருவிப் பாதையில் ஏறிப் பயிற்சி எடுக்கிறேன். ஆனால், மார்ச் மாதப் பனிப்பாதைக்குக் கால் பலம் மட்டும் போதாது. இரவில் இறுகிய பனி விடிகாலையில் ஆளைத் தாங்கும். வழுக்காமலிருக்கக் காலணியில் இரும்பு முள் மாட்ட வேண்டும். வெயில் ஏறினால் பனி இளகி, முழங்கால்வரை புதையும். பனிச்சரிவு ஆபத்தும் கூடும். நண்பகலுக்குள் தங்குமிடம் சேர்ந்துவிடுங்கள்.

3,000 மீட்டரைத் தாண்டினால், இரவு தங்கும் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள். தலைவலி, வாந்தி வந்தால் மேலே ஏற வேண்டாம், குறையாவிட்டால் இறங்கிவிடுங்கள். மலையை அடுத்த ஆண்டும் ஏறலாம். வீட்டில் உங்களுக்காகக் காத்திருக்கிறார்கள்.