நடுக்கடலில் விழிப்பும் உறக்கமும்

பாலாற்றுப் படுகையில் வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் பதனிடப்படும் தோலும் தைக்கப்படும் காலணிகளும் சென்னையிலிருந்து கப்பலேறி ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் செல்கின்றன. அச்சரக்கு கடலில் இருக்கும் வாரங்கள் முழுவதும், அதைச் சுமக்கும் கலத்தில் இரவும் பகலும் யாரேனும் ஒருவர் விழித்திருந்து கடலைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதும், அவ்விழிப்பு நெடுங்காலமாகப் பண்பட்ட ஒரு முறைப்படி பங்கிடப்படுகிறது என்பதும் உள்நாட்டில் வாழ்வோர் அதிகம் அறியாதவை. மாலுமிகள் இதனை 'வாட்ச்' என்பர். முறைக்காவல் என்று தமிழில் வழங்கலாம்.

பழைய பாய்க்கப்பல்களில் ஆட்கள் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டு, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை மாறினர். 24 மணி நேரத்தை நான்கால் வகுத்தால் ஆறு முறை வரும். ஆறு இரட்டைப்படை எண்ணாதலால், ஒரே குழு நாள்தோறும் நள்ளிரவுக் காவலில் சிக்கிக்கொள்ளும். இதைத் தவிர்ப்பதற்காக மாலை 4 மணி முதல் 8 மணி வரையுள்ள முறையை மட்டும் இரண்டாகப் பிளந்து ஏழு முறைகளாக்கினர். அதனால் குழுக்களின் நேரம் நாள்தோறும் மாறியது. அரை மணி மணற்கடிகாரம் திருப்பப்படும் போதெல்லாம் மணி அடிக்கப்பட்டு, எட்டாவது மணியடியில் காவல் கைமாறியது. இன்றைய சரக்குக் கப்பல்களில் பெரும்பாலும் மூன்று அதிகாரிகள், ஒவ்வொருவரும் நான்கு மணி நேரம் பணியும் எட்டு மணி நேரம் இடைவெளியுமாக, நாளுக்கு இருமுறை காவல் ஏற்கின்றனர். கடலில் மோதல்களைத் தவிர்ப்பதற்கான 1972ஆம் ஆண்டின் பன்னாட்டு விதிகளுள் ஐந்தாவது விதி, எந்தக் கலமும் எந்நேரமும் கண்ணாலும் காதாலும் தக்க கண்காணிப்பை மேற்கொள்ள வேண்டும் என்கிறது. அவ்விதி பெரிய கப்பலுக்கும் சிறு படகுக்கும் ஒன்றே.

ஆட்கள் குறையக் குறைய இம்முறை எவ்வளவு கடுமையாகிறது என்பதற்கு, இந்தியக் கடற்படையின் 56 அடி நீளப் பாய்க்கலமான 'தாரிணி'யின் இரு உலகப் பயணங்கள் நல்ல சான்று. 2017 செப்டம்பர் முதல் 2018 மே வரை வர்த்திகா ஜோஷி தலைமையில் ஆறு பெண் அதிகாரிகள் அதில் உலகைச் சுற்றினர். 2024 அக்டோபர் 2 அன்று அதே கலம் கோவாவிலிருந்து மீண்டும் புறப்பட்டபோது அதில் இருந்தவர்கள் இருவரே: புதுச்சேரியைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் ரூபா அழகிரிசாமியும் கோழிக்கோட்டைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் தில்னாவும். ஃபிரிமாண்டில், லிட்டல்டன், போர்ட் ஸ்டான்லி, கேப் டவுன் ஆகிய நான்கு துறைகளில் மட்டுமே தங்கி, 25,000 கடல் மைலுக்கு மேல் (ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர்) கடந்து, 2025 மே 29 அன்று அவர்கள் கோவா திரும்பினர். எந்தக் கரையிலிருந்தும் 2,600 கிலோமீட்டருக்கு மேல் விலகி நிற்கும் 'நீமோ முனை' என்னும் கடற்புள்ளியை ஜனவரி இறுதியிலும், தென் அமெரிக்காவின் ஹார்ன் முனையைப் பிப்ரவரி நடுவிலும் கடந்தனர்.

இருவர் மட்டுமே உள்ள கலத்தில் ஒருவர் காவலில் இருக்கையில் மற்றவர் உறங்குகிறார். எனவே ஒரே படகில் மாதக்கணக்கில் வாழ்ந்தும் இருவரும் சேர்ந்து அமர்ந்து பேசுவதற்குக் காவல் மாறும் சிறு இடைவெளியே பெரும்பாலும் வாய்க்கிறது. அந்த இடைவெளியில்தான் காற்றின் திசை, வேகம், காற்றழுத்தமானியின் போக்கு, கண்ணில் பட்ட விளக்குகள், பாயில் செய்த மாற்றங்கள் ஆகிய யாவும் வாய்மொழியாகவும் குறிப்பேட்டின் வழியாகவும் ஒப்படைக்கப்படுகின்றன. தானியங்கிச் சுக்கான் கலத்தைத் திசையில் நிறுத்தினாலும், காற்று வலுக்குமுன் பாயின் பரப்பைச் சுருக்குவது மனிதரின் முடிவாகவே இருக்கிறது. தாமதித்தால் இருட்டில், சாய்ந்த தளத்தில், இடுப்புப் பட்டையைக் கயிற்றில் பிணைத்துக்கொண்டு அதே வேலையைப் பன்மடங்கு ஆபத்துடன் செய்ய நேரிடும். கயிறுகள் உராய்ந்து தேயும் இடங்களைத் தடவிப் பார்ப்பதும் காவலின் கடமையே. அத்தகைய இடங்களில் தோலைச் சுற்றித் தைத்துத் தேய்மானத்தைத் தடுப்பது பாய்க்கலங்களின் பழைய வழக்கம் என்பது தோல் பதனிடும் வட்டார வாசகர்க்கு உவப்பளிக்கலாம்.

ஆலையில் இரவு ஷிப்டு முடித்தவர் வீடு திரும்பி இயந்திர ஓசைக்கு அப்பால் உறங்குகிறார். காவல் முடித்த மாலுமிக்கோ, அலை அறையும் பலகைக்குச் சில அங்குலத் தொலைவிலேயே, எந்நொடியும் அழைப்பு வரலாம் என்ற நிலையில், படுக்கை அமைகிறது. மனித உடலின் உள்கடிகாரம் பின்னிரவு 2 மணிக்கும் 5 மணிக்கும் இடையில் விழிப்பை மிகவும் தாழ்த்துகிறது. எழுந்தவுடன் சில நிமிடங்கள் மூளை மந்தமாகவே இயங்குகிறது. அதனால் அனுபவமுள்ளோர் காவல் மாறுவதற்குச் சற்று முன்பே அடுத்தவரை எழுப்பி, சூடான பானம் தந்து, கண் இருட்டுக்குப் பழகிய பிறகே பொறுப்பை ஒப்படைக்கின்றனர். நீள்பயணத்தில் உறக்கம் ஓய்வு மட்டுமன்று, கடமையும் ஆகும்; தன் முறையில் உறங்காதவர் அடுத்த முறையில் தோழரின் உயிரைப் பணயம் வைக்கிறார்.

தனியாகப் பயணிப்போர்க்கு இக்கணக்கு தீர்வதே இல்லை. 2012 நவம்பரில் மும்பையிலிருந்து 'மாதே' கலத்தில் புறப்பட்டு, எங்கும் நிற்காமல் உலகைச் சுற்றி 2013 மார்ச் இறுதியில் திரும்பிய கமாண்டர் அபிலாஷ் டோமி இவ்வாறு தனியே, நிற்காமல் உலகைச் சுற்றிய முதல் இந்தியர். ரூபாவுக்கும் தில்னாவுக்கும் பின்னாளில் பயிற்சியளித்தவரும் அவரே. சிறு கலத்தின் தளத்திலிருந்து பெரிய கப்பலின் விளக்கை ஆறேழு கடல் மைல் தொலைவில்தான் கண்டறிய முடியும். மணிக்கு 20 கடல் மைல் வேகத்தில் வரும் கப்பல் அத்தூரத்தை இருபது நிமிடத்தில் கடந்துவிடும். கப்பல் போக்குவரத்துள்ள கடலில் தனிப்பயணியர் இருபது நிமிடத்துக்கு மேல் ஒரே மூச்சில் உறங்க அஞ்சுவதன் காரணம் இதுவே. பெரிய கப்பல்கள் தம் பெயரையும் இடத்தையும் திசையையும் வானொலி வழியே தாமாக அறிவிக்கும் கருவிகள் இன்று அச்சத்தைக் குறைத்துள்ளன எனினும், மீன்பிடிப் படகுகள் பலவற்றில் அக்கருவி இல்லை.

சரக்குக் கப்பல்களில் பணிபுரிவோர்க்கு நாளுக்குக் குறைந்தது 10 மணி நேரமும் வாரத்துக்கு 77 மணி நேரமும் ஓய்வு தரப்பட வேண்டும் என்பது பன்னாட்டு விதி. ஆயினும் சிறிய கப்பல்கள் பலவற்றில் காவல் இரு அதிகாரிகளுக்குள் ஆறு மணி நேரம் பணி, ஆறு மணி நேரம் ஓய்வு என்று பங்கிடப்படுகிறது. 2012இல் முடிவுகளை வெளியிட்ட 'ஹொரைசன்' என்னும் ஐரோப்பிய ஆய்வு, மாதிரிக் கப்பல் தளத்தில் அதிகாரிகளைச் சோதித்து, இந்த ஆறு மணி முறை நான்கு மணி முறையைவிட அதிகக் களைப்பைத் தருகிறது என்றும், காவலிலேயே சிலர் கண்ணயர்ந்தனர் என்றும் கண்டது. 2023 இறுதியில் செங்கடலில் தாக்குதல்கள் தொடங்கிய பின் ஐரோப்பா செல்லும் பல கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிச் சென்றதால், பயணமும் அதனுடன் காவல் நாட்களும் மேலும் நீண்டன. சரக்கு குறித்த நாளில் சேருமா என்று கேட்கும் ஆம்பூர், இராணிப்பேட்டை ஏற்றுமதியாளர்கள், அதைச் சுமக்கும் கப்பலில் இரவுக் காவலைப் பங்கிட மூன்றாவது அதிகாரி இருக்கிறாரா என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.