கையில் கட்டிய பட்டி எங்கே எழுதி வைக்கிறது?

கோடை விடுமுறை தொடங்கினால் போதும், சுவிஸில் இருக்கிற எங்கட ஆக்களை எல்லையைத் தாண்டி ஜெர்மனியின் ரூஸ்ட்டில் காணலாம். ஒய்ரோப்பா பார்க்கில் வரிசையில் நிற்கும்போது பின்னால் இருந்து தமிழ் கேட்காத நாள் குறைவு. 2019 நவம்பரில் அங்கேயே ருலாண்டிக்கா என்ற நீர்ப்பூங்காவும் திறந்துவிட்டார்கள். உள்ளே போனால் கையில் ஒரு பட்டி தருவார்கள். அலுமாரி பூட்டுவதும் அதனால்தான், பிள்ளைக்கு பொரியல் வாங்குவதும் அதனால்தான். காசும் வேண்டாம், திறப்பும் வேண்டாம். குளிர்காலம் வந்தால் மலைக்குப் போவோம். ஜக்கெற் பொக்கற்றில் ஸ்கீ அட்டை, கிட்டப் போனதும் கதவு தானாகத் திறக்கும். ரயிலில் ஸ்விஸ்பாஸ். இப்படி வருஷம் முழுக்க ஏதோ ஒரு சிப் எங்களோடு சேர்ந்து பயணம் செய்கிறது.

நான் மென்பொருள் துறையில் வேலை செய்வதால் கொண்டாட்டங்களில் இந்தக் கேள்வி அடிக்கடி என்னிடம் வரும். "பிள்ளை, இதெல்லாம் எங்களைப் பார்த்துக்கொண்டிருக்குதோ?" என்று பெரியம்மா கேட்பா. பக்கத்தில் இருக்கிற மாமா விடமாட்டார். "பார்த்தால் பார்க்கட்டும், நாங்கள் என்ன களவே எடுத்தனாங்கள்?" என்பார். இரண்டு பேருக்கும் ஒரே வரியில் பதில் சொல்ல ஏலாது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

பட்டிக்குள் என்ன இருக்கு?

பெரும்பாலான பட்டிகளிலும் ஸ்கீ அட்டைகளிலும் இருப்பது பற்றரி இல்லாத ஒரு சின்ன சிப். ஆர்.எஃப்.ஐ.டி என்று சொல்லுவார்கள். வாசிக்கும் கருவிக்குக் கிட்டக் கொண்டுபோனால் அந்தக் கருவி அனுப்பும் மின்காந்த அலையில் இருந்தே சக்தி எடுத்து, தன் இலக்கத்தைச் சொல்லிவிட்டுத் திரும்பவும் தூங்கிவிடும். தூரத்தில் இருந்து உங்களைத் தேடிப் பிடிக்க அதால் முடியாது. அந்தப் பயம் தேவையில்லை.

அந்தச் சிப்புக்கு உங்கள் பெயரும் தெரியாது. அது வெறும் இலக்கம். அந்த இலக்கத்தை உங்கள் பெயரோடும், எத்தனை மணி, எந்தக் கதவு, என்ன வாங்கினீர்கள் என்பவற்றோடும் சேர்த்துக் கட்டுவது மறுபக்கத்தில் இருக்கிற தரவுத்தளம். ஆகவே கையில் இருக்கிற பட்டியைப் பார்த்துப் பயப்படுவதில் பிரயோசனமில்லை. கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று: எங்கே எழுதி வைக்கிறார்கள்? எவ்வளவு காலம் வைத்திருக்கிறார்கள்? அந்த அலுமாரியின் திறப்பு யாரிடம்?

டிஸ்னி தொடக்கி வைத்த வாக்குவாதம்

இந்த விஷயத்தை உலகம் பேசத் தொடங்கியது 2013இல். அமெரிக்காவின் புளோரிடாவில் உள்ள டிஸ்னி வேர்ல்ட் 'மஜிக்பாண்ட்' என்ற கைப்பட்டியை அறிவித்தது. ஹோட்டல் அறைக் கதவு, நுழைவுச்சீட்டு, கடைக் கணக்கு எல்லாம் அந்த ஒரு பட்டியில். அந்தத் திட்டத்துக்கு ஏறத்தாழ நூறு கோடி டொலர் செலவானதாகச் செய்திகள் வந்தன.

அதில் ஒரு வித்தியாசம் இருந்தது. கிட்டக் கொண்டுபோனால் மட்டும் பேசும் சிப்போடு, பற்றரியில் இயங்கும் இன்னொரு வானொலி அனுப்பியும் பட்டிக்குள் இருந்தது. அதைச் சில மீற்றர் தூரத்தில் இருந்தே வாசிக்கலாம். ராட்டினத்தில் போகும்போது எடுத்த படம் உங்கள் கணக்கில் தானாக வந்து சேர்வது அதனால்தான். வசதிதான். ஆனால் நீங்கள் ஒன்றையும் நீட்டிக் காட்டாமலே ஒரு கருவி உங்களை அடையாளம் காணுகிறது என்பதும் அதுதான்.

அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த எட் மார்க்கி அதே ஜனவரியில் டிஸ்னித் தலைவர் பொப் ஐகருக்குக் கடிதம் எழுதினார். பிள்ளைகளைப் பற்றிய தகவலை என்ன செய்யப்போகிறீர்கள், அவர்களுக்கு விளம்பரம் காட்டப் பயன்படுத்துவீர்களா என்று கேட்டார். ஐகர் கோபமாகவே பதில் எழுதினார். பட்டி கட்டுவது கட்டாயமில்லை, பெற்றோரின் சம்மதம் இல்லாமல் பிள்ளைகளின் தகவலைத் திரட்டுவதில்லை என்பது டிஸ்னியின் நிலைப்பாடு. தூரத்தில் இருந்து வாசிக்க முடியாத அட்டையையும் வருகிறவர்கள் தெரிவு செய்யலாம். இந்தக் கடைசி விஷயம் முக்கியம். மாற்றுவழி ஒன்று இருந்தால்தான் 'சம்மதம்' என்ற சொல்லுக்கு அர்த்தம் இருக்கு.

ஷஃப்ஹவுசன் நீச்சல் குளத்தின் வழக்கு

அமெரிக்காவை விடுவோம். எங்கட நாட்டிலேயே, டிஸ்னிக்கு முன்னரே, இதைவிடத் தெளிவான ஒரு வழக்கு நடந்திருக்கு. ரைன் அருவி பார்க்கப் போகிறவர்களுக்கு ஷஃப்ஹவுசன் தெரியும். அங்கே நீச்சல் குளம், பனிச்சறுக்கு அரங்கு எல்லாம் சேர்ந்த கே.எஸ்.எஸ் என்ற பொழுதுபோக்கு நிலையம் இருக்கு. பருவகால அட்டை வாங்கினவர்கள் அதை மற்ற ஆக்களுக்குக் கடன் கொடுக்காமல் இருக்க, கைவிரல் அடையாளம் வைக்கும் முறையை அவர்கள் கொண்டுவந்தார்கள். விரல் அடையாளத்தில் இருந்து எடுத்த தரவை நிலையத்தின் கணினியில் ஒரே இடத்தில் சேர்த்து வைத்தார்கள்.

கூட்டாட்சித் தரவுப் பாதுகாப்பு ஆணையாளர் 2006இல் இதை ஆராய்ந்தார். விரல் அடையாளத்தையே பாவிக்கக்கூடாது என்று அவர் சொல்லவில்லை. ஒரே கணினியில் சேர்க்க வேண்டாம், அந்தந்த ஆளின் அட்டைக்குள்ளேயே வையுங்கள் என்றுதான் சொன்னார். நிலையம் ஏற்கவில்லை. விஷயம் கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றத்துக்குப் போனது. 2009 ஓகஸ்ட் 4ஆம் திகதி தீர்ப்பு வந்தது. அட்டையைக் கைமாற்றாமல் தடுக்க நினைப்பது நியாயம், ஆனால் அதற்காக எல்லாருடைய தரவையும் ஓரிடத்தில் குவிப்பது அளவுக்கு மீறியது; அட்டைக்குள் வைத்தாலே அந்த வேலை நடக்கும் என்றது நீதிமன்றம்.

பொறியியலாளராக இந்தத் தீர்ப்பு எனக்குப் பிடித்ததற்குக் காரணம் இருக்கு. நிலையத்துக்கும் வேலை நடக்கும், உங்கட விரலும் உங்கட பேர்சுக்குள் இருக்கும். அட்டை தொலைந்தால் ஒரு ஆளின் தரவு தொலையும். கணினி உடைபட்டால் எல்லாருடைய தரவும் போகும். கடவுச்சொல் என்றால் மாற்றலாம். விரலை மாற்ற ஏலுமோ?

90 நாள் நினைவு வைத்திருந்த ரயில்

இரண்டாவது வழக்கு எங்கள் எல்லாருடைய பேர்சுக்குள்ளும் இருக்கு. 2015 ஓகஸ்ட் 1ஆம் திகதி, ஹால்ப்டாக்ஸ், கெனரால் அபோ ஆகியவற்றின் பழைய அட்டைகளுக்குப் பதிலாகச் சிவப்பு ஸ்விஸ்பாஸ் வந்தது. பழைய அட்டையைக் கண்ணால் பார்த்துவிட்டுத் தந்துவிடுவார்கள். புதியதைக் கருவியால் வாசித்தார்கள். வாசித்த நேரம், ரயிலின் இலக்கம், அட்டையின் இலக்கம் ஆகியவை 90 நாட்களுக்குச் சேமிக்கப்பட்டன.

யோசித்துப் பாருங்கள். தினமும் பேர்ணில் இருந்து சூரிச்சுக்கு வேலைக்குப் போகிறவரின் மூன்று மாத நடமாட்டம் ஒரு பட்டியலில். எந்த ஞாயிறு எந்தக் கோயிலுக்குப் போனார், எந்தப் பின்னேரம் எந்த ஊரில் இறங்கினார் என்பதை அதில் இருந்து ஊகிக்கலாம். தரவுப் பாதுகாப்பு ஆணையகம் ஆராய்ந்து, சீட்டுப் பரிசோதனைக்கு இது தேவையில்லை, அளவுக்கு மீறியது, போதிய சட்ட அடிப்படையும் இல்லை, அழித்துவிடுங்கள் என்று 2016இன் தொடக்கத்தில் பரிந்துரைத்தது. பொதுப் போக்குவரத்துத் துறை ஏற்றுக்கொண்டது. அந்தப் பதிவுகள் 2016 வசந்த காலத்தில் நிறுத்தப்பட்டன. ரயில் ஓடாமல் நிற்கவில்லை, சீட்டில்லாமல் போகிறவர்களும் பிடிபடத்தான் செய்கிறார்கள். அந்தத் தரவு இல்லாமலும் வேலை நடக்கும் என்பதற்கு வேறு அத்தாட்சி தேவையோ?

"மறைக்க என்ன இருக்கு?"

இனி மாமாவின் கேள்விக்கு வருவம். களவு எடுக்காதவனுக்கு என்ன பயம்?

மாமா எண்பதுகளில் கொழும்பில் இருந்தவர். வீட்டில் யார் யார் தங்கியிருக்கினம் என்று பொலிசில் பதிந்த கதையையும், சோதனைச் சாவடியில் அடையாள அட்டையை நீட்டியதும் பிறந்த ஊரைப் பார்த்துவிட்டு முகம் மாறின கதையையும் எங்களுக்குச் சொன்னவர் அவரேதான். அந்த அட்டையில் எழுதியிருந்த எதுவும் குற்றமில்லை. பெயரும் ஊரும்தான். வாசித்தவர் யார், என்ன நோக்கத்தோடு வாசித்தார் என்பதுதான் ஆபத்தாக இருந்தது. இதை அவருக்கு நான் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இது வேற, அது வேற" என்றார். வேறுதான். ஆனால் நல்ல நோக்கத்துக்குத் திரட்டின பட்டியல் நாளைக்கு யாருடைய கையில் இருக்கும் என்று எழுதிக் கொடுக்க யாராலும் முடியாது.

சுவிஸுக்கும் இந்த அனுபவம் உண்டு. 1989இல் கூட்டாட்சிப் பொலிசார் இரகசியமாக வைத்திருந்த கோப்புகள் வெளியே வந்தன. ஏறத்தாழ 9 இலட்சம் பதிவுகள், சுவிஸ் நாட்டவர் வெளிநாட்டவர் இரு பகுதியினரைப் பற்றியும். அந்த நேரம் நாட்டின் சனத்தொகை 70 இலட்சத்தையும் எட்டவில்லை. இந்த நாட்டுக்காரர் இன்றைக்கும் தரவு என்றால் முகம் சுளிப்பதற்கு அதுவும் ஒரு காரணம். முதலாவது தரவுப் பாதுகாப்புச் சட்டம் 1992இல் நிறைவேறி 1993 யூலையில் நடைமுறைக்கு வந்தது.

பெற்றோர் நாங்களும் ஒரு பூங்காதான்

பூங்காவையும் ரயிலையும் கேள்வி கேட்கிற நாங்கள், பிள்ளையின் கையில் நாங்களே என்ன கட்டுகிறோம் என்றும் பார்க்க வேண்டும். ஜிபிஎஸ் கைக்கடிகாரம் இப்போது பிறந்தநாள் பரிசாகிவிட்டது. 2017 ஒக்ரோபரில் நோர்வே நுகர்வோர் சபை சில சிறுவர் கடிகாரங்களைச் சோதித்து, அந்நியர் உள்ளே புகுந்து பிள்ளை இருக்கிற இடத்தையே பார்க்கலாம் என்று காட்டியது. அடுத்த மாதமே ஜெர்மனி, தூரத்தில் இருந்து இரகசியமாக ஒட்டுக்கேட்க வசதியுள்ள சிறுவர் கடிகாரங்களைத் தடை செய்தது. பெற்றோர் வகுப்பறையில் ஆசிரியர் பேசுவதையே அவற்றால் கேட்கிறார்கள் என்பதும் அப்போது வெளிவந்தது.

ஏழு வயதுப் பிள்ளை தனியப் பள்ளிக்கூடம் நடந்து போகும்போது பதறுகிற மனம் எனக்கும் இருக்கு. ஆனால் பதினைந்து வயதுப் பெண்பிள்ளையின் போனில் அவளுக்குத் தெரியாமல் இடங்காட்டியைப் போட்டு வைத்து, "நேற்று ஏன் வின்ரர்தூர் போனாய்?" என்று கேட்கிற வீடுகளும் எங்களிடம் இருக்கு. பொடியனுக்கு அந்தக் கேள்வி வருவது அருமை. பிள்ளைகளுக்கும் அந்தரங்கம் உண்டு என்று ஐ.நா. சிறுவர் உரிமை உடன்படிக்கையின் 16ஆவது பிரிவு சொல்கிறது. சுவிஸ் அதை 1997இல் ஏற்றுக்கொண்டது. பூங்காவிடம் கேட்கிற அதே மூன்று கேள்விகளைப் பிள்ளை எங்களிடம் கேட்டால் பதில் இருக்கோணும். எனக்குத் தெரிந்த நல்ல வழி: போடுவதென்றால் சொல்லிவிட்டுப் போடுங்கள், எந்த வயதில் கழற்றுவோம் என்றும் சேர்த்தே சொல்லுங்கள்.

என்ன செய்யலாம்?

2023 செப்டெம்பர் 1ஆம் திகதி முதல் சுவிஸில் திருத்திய தரவுப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறையில் இருக்கு. ஒரு ஆளைத் தனித்து அடையாளம் காட்டும் விரல், முகத் தரவுகள் அதில் விசேட பாதுகாப்புக்கு உரியவை. உங்களைப் பற்றி என்ன வைத்திருக்கிறார்கள் என்று எந்த நிறுவனத்திடமும் கேட்கலாம். பொதுவாக இலவசம், பொதுவாக 30 நாளுக்குள் பதில் வரவேண்டும். தெரிந்துகொண்டே பொய்யான அல்லது அரைகுறையான பதில் கொடுத்தால் பொறுப்பான ஆளுக்கு 250,000 பிராங்க் வரை தண்டம் விதிக்கலாம். எல்லைக்கு அப்பால் ஜெர்மனிப் பூங்கா என்றால் 2018 மே முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பிய ஒன்றியச் சட்டத்திலும் இதே உரிமை இருக்கு.

போன குளிர்காலம் ஒரு ஸ்கீ நிலையத்திடம் எனக்கும் மகளுக்குமாக இப்படிக் கேட்டு எழுதினேன். நாலு வரிக் கடிதம், அடையாள அட்டைப் பிரதி. மூன்று வாரத்தில் பதில் வந்தது. மூன்று நாளும் எந்தக் கதவை எத்தனை மணிக்குக் கடந்தோம் என்று நிமிடக் கணக்கில் இருந்தது. மத்தியானம் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஒன்றும் பதியாமல் கிடந்தது. நாங்கள் கொண்டுபோன புட்டைச் சாப்பிட்ட நேரம் அது. மகள் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "இதை ஏன் வைச்சிருக்கினம்?" என்று கேட்டாள். அதையே அடுத்த கடிதத்தில் கேட்டு, மகளின் பதிவுகளை அழிக்கவும் சொன்னேன். அழித்துவிட்டதாக எழுதினார்கள்.

அடுத்த முறை போகும்போது செய்யக்கூடியவை சில. பெயர் கொடுக்காமல் சீட்டு வாங்க முடியுமா என்று கேளுங்கள். பூங்காவின் செயலிக்கு இட அனுமதி கொடுத்தால், 'பாவிக்கும்போது மட்டும்' என்பதைத் தெரிவு செய்யுங்கள், வீட்டுக்கு வந்ததும் செயலியை அழியுங்கள். ஸ்கீ அட்டையின் இலக்கத்தைப் படம் எடுத்து முகநூலில் போடாதீர்கள். அந்த இலக்கத்தைத் தட்டினால் அன்றைக்கு நீங்கள் சறுக்கிய கணக்கைக் காட்டும் இணையச் சேவைகள் இருக்கு. திருப்பிக் கொடுக்க வேண்டாத பட்டியை வெட்டிப் போடுங்கள். கடிதம் எழுதினால் அனுப்பிய திகதியில் இருந்து 30 நாளைக் கலண்டரில் குறித்து வையுங்கள். பதில் வராவிட்டால் ஒரு நினைவூட்டல் அனுப்புங்கள். அதற்கும் பதில் இல்லை என்றால் பேர்ணில் இருக்கும் ஆணையகத்துக்கு முறைப்பாடு செய்யலாம்.